பித்த உடம்பு

பல் துலக்கியதும் நிறைமதி சாப்பாட்டு மேசைக்கு வருவாள். உட்காரும் முன்பே நாவொற்றியை உறையிலிருந்து உருவி நாக்கின்மேல் வைத்து, ஈரம் ஏறியதும் சுவரிலிருக்கும் குமிழின் பிளவில் செருகுவாள். பதின்மூன்று வயது நிரம்பிய பிள்ளைகள் உள்ள எல்லா வீடுகளிலும் நடக்கிற காரியம்தான் இது. குமிழ் பச்சையாக எரிந்தால் இட்லியை எடுத்து வைக்கலாம். மஞ்சளானால் அன்று பள்ளி ஆலோசகர் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவார். மற்ற வீடுகளில் குமிழை விருந்தாளிகள் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து மாட்டுவார்கள். நான் எங்கள் வீட்டில் அதை வாசலுக்கு நேரெதிரே மாட்டச் சொன்னேன். பச்சையை எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்?

மாசி மாதத்தில் ஒரு காலை அது சாம்பல் நிறத்தில் எரிந்தது.

நிறைமதியின் அம்மா நித்யா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். என் தம்பி தினேஷ் குமிழை ஒருமுறை தட்டிப் பார்த்தான். நான் எழுந்து என் அறையிலிருந்த முருகன் காலண்டரைக் கொண்டுவந்து அதன் மேல் தொங்கவிட்டேன். அட்டை தடிமனானதுதான். ஆனாலும் ஓரங்களில் வெளிச்சம் கசிந்தது.

“முருகனுக்கு ஒளிவட்டம் வந்திருச்சுங்க அத்தை” என்றாள் நிறைமதி. சிரிக்காமல் சொன்னாள். அவள் சிரித்து அப்போதே வெகுநாளாகியிருந்தது.

அந்த வீட்டில் மூத்தவள் நான். கௌசல்யா என்றால் உடுமலைப்பேட்டையில் பழைய ஆட்களுக்குத் தெரியும். பூளவாடிச் சாலைக் காற்றாலைகளில் பாதி என் கையெழுத்தில் நின்றவை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினாறு வயதில் மஞ்சள் காமாலை வந்து கிடந்தேன். காமாலை கண்ட உடம்பு என்று வந்த வரன்கள் தட்டிப்போயின. பிறகு வேலை வந்தது. தம்பியின் குடும்பமே என் குடும்பம். அவனுடைய பெரியவன் அகிலன் பெங்களூரில் இருக்கிறான். தாராபுரத்தில் பெண் பார்த்து, பங்குனி முதல் வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று பேசி முடித்திருந்தோம். சிறியவள் நிறைமதிக்குப் பதினைந்து வயது. கோகோ ஆட்டத்தில் மாவட்ட அணிக்குத் தேர்வானவள், அந்த ஐப்பசியோடு மைதானத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டேன் என்றாள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

எங்கள் வீட்டில் இது புதிதல்ல. எங்களுக்குப் பித்த உடம்பு. என் அப்பாவின் தங்கைக்கு இருந்தது, அப்பாவின் சித்தப்பாவுக்கும் இருந்தது. வெயில் ஆகாது, எண்ணெய் ஆகாது, ஒரு பருவத்துக்கு ஆள் படுத்துக்கொள்ளும், பிறகு எழுந்துகொள்ளும். ஆகவே நான் தோட்டத்திலிருந்து கீழாநெல்லி பறித்து அரைத்து மோரில் கலக்கி அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுக்காமல் குடிப்பாள். அதுதான் எனக்கு உறுத்தியது. சண்டை போட்டுக் குடிக்கிற பெண் அவள்.

சாம்பல் விழுந்தால் புள்ளி அலுவலர் வீட்டுக்கு வர வேண்டும் என்பது சட்டம். பெனிட்டா வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். செருப்பை ஒழுங்காகச் சுவரோரம் கழற்றி வைத்தாள். உள்ளே வந்ததும் காலண்டரைப் பார்த்தாள், பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“மேற்புள்ளின்னா என்னன்னு தெரியுமா மேடம்?”

“நான் பொறியாளர். அதற்காக எல்லாம் தெரியும் என்று சொல்லவில்லை. சொல்.”

அவள் மேசைமேல் விரலால் எழுதிக் காட்டினாள். “இது ‘க’. தலையில ஒரு புள்ளி வச்சா?”

“க்.”

“எழுத்து மாறல்லை. ஆனா உயிர் போயிட்டு. மரபணுவும் அப்படித்தான். எழுத்து அப்படியே இருக்கும், மேல ஒரு புள்ளி விழும். அதுக்குப் பொறவு அந்த எழுத்து வாயத் திறக்காது. நமக்குப் பதற்றம் வந்தா உடம்பு ஒரு சுரப்பைக் கொட்டும். போதும்னு சொல்லி அதை நிறுத்த ஒரு மரபணு இருக்கு. உங்க பிள்ளைக்கு அது மேல புள்ளி விழுந்திருக்கு. நிறுத்த ஆளில்லாம சுரந்துட்டே இருந்தா, உள்ள எல்லாம் ஓஞ்சு போயிரும். அதைத்தான் மனச்சோர்வுன்னு சொல்லுதோம்.”

“அதை அழிக்க முடியாதுங்களா?” என்றான் தினேஷ்.

“அழிக்கலாம் சார். புள்ளிநீக்கி மருந்து இருக்கு. ஆனா அந்தப் புள்ளி எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியணும். ரெண்டு வழிதான். ஒண்ணு, முன்னோர் கிட்டேயிருந்து இறங்கி வந்தது. வழிப்புள்ளி. அதுன்னா இங்கேயே மருந்து குடுப்போம், பிள்ளை வீட்டுலேயே இருக்கலாம். இன்னொண்ணு வாழ்வுப்புள்ளி.”

அடுத்ததை அவள் நித்யாவைப் பார்க்காமல் சொன்னாள்: “அது இருக்கிற இடத்துலேயே உண்டானது. மருந்து குடுத்து அழிச்சாலும் அதே வீட்டுக்குத் திரும்பிப் போனா மறுபடியும் விழும். அதனால பிள்ளையை ஒரு வருசம் மாற்றில்லத்துல வைப்போம். கோத்தகிரியில இருக்கு. நல்ல இடம்தான்.”

“அப்ப இந்த வீடுதான் பண்ணுச்சுங்கறீங்களா?” என்றாள் நித்யா. “என்ற புள்ளைய நான் என்னங்க பண்ணினேன்?”

தினேஷின் எச்சிலையும் நித்யாவின் எச்சிலையும் ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். நித்யாவிடம் ஒன்றுமில்லை. தினேஷிடம் ஏதோ மங்கலாகத் தெரிந்ததாம். மங்கலானதை வைத்து வழி என்று எழுதச் சட்டத்தில் இடமில்லையாம். ஆகவே வழியின் மூத்தவர் வாக்குச் சொல்ல வேண்டும். அது நான்.

வழிப்புள்ளி என்று பதிந்துவிட்டால் அது மரபுத்தளத்தில் ஏறும் என்பதை அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மருத்துவர்களுக்காகத் தொடங்கிய தளம் அது. இப்போது அதைப் பார்க்காமல் யாரும் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. ஜாதகத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைத்தான் திறக்கிறார்கள். ‘புள்ளி வெச்ச வீடு’ என்று ஒரு சொல்லே வந்துவிட்டது.

“உங்க வழியில யாருக்காவது மனச்சோர்வு இருந்திருக்கா மேடம்?”

“கிடையாது” என்றேன். பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் யாரைப் பற்றியும் சொன்னதில்லை. “எங்களுக்குப் பித்த உடம்பு. அது வேறு.”

பெனிட்டா நிமிர்ந்து பார்த்தாள். “பித்தம்னா?”

“பித்தம்னா பித்தம்தான். உங்கள் பக்கத்தில் கிடையாதா?”

அவள் அதையும் பதிந்துகொண்டாள். பிறகு மாற்றில்லத்தின் வண்டி அடுத்த திங்கட்கிழமை வரும் என்றாள். அதற்கு முன்பு வீட்டுப் பேச்சை அளக்க ‘செவி’ என்ற கருவியைக் கூடத்தில் பொருத்த வேண்டும் என்றாள். யார் குரல் எழும்பும்போது பிள்ளையின் சுரப்பு ஏறுகிறது என்று அது காட்டுமாம்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை, ஒரு வருடம்தானே, வெளியூரில் தங்கிப் படிக்கிறாள் என்று தாராபுரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. என் வீட்டுக் கூடத்தில் ஒட்டுக்கேட்கும் பெட்டி வைப்பதா? என் அப்பா பழனிச்சாமி கட்டிய வீடு. அதில் யாரும் யாரையும் அடித்ததில்லை, வாடா போடா என்று கத்தியதில்லை.

“வழியிலும் குற்றமில்லை, வீட்டிலும் குற்றமில்லை என்றால் உங்கள் குமிழில்தான் குற்றம்” என்றேன். “காற்றாலையில் அளவி தப்பாகக் காட்டினால் நாங்கள் காற்றைக் குறை சொல்ல மாட்டோம். அளவியைக் கழற்றிப் பார்ப்போம். என் இரத்தத்தை எடுத்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள்.”

“எடுக்கலாம். ஆனா அதுலேயும் இல்லன்னா வாழ்வுப்புள்ளின்னு உறுதியாயிரும் மேடம்.”

“எடுங்கள்.”

தினேஷ் என்னை வாசல் வரை கூட்டிக்கொண்டு போனான். “அக்கா, இது வேண்டாம். நல்லா யோசிச்சுக்கோ.”

“என்ன யோசிக்க? உனக்கு நம்ம இரத்தத்தின் மேல் சந்தேகமா?”

“எனக்கு எல்லாத்து மேலயும் சந்தேகமா இருக்குதுக்கா” என்றான். அவனுக்கு அறுபது நெருங்குகிறது. சிறுவயதில் இருட்டில் கொல்லைக்குப் போகப் பயந்து என் தாவணியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அதே முகம்.

இரத்தத்தைப் படித்துச் சொல்லும் வாசிப்பகம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது. இருவர் மாதிரியும் ஒரே நேரத்தில் ஒப்பிட வேண்டும் என்பதால் நிறைமதியும் வந்தாள். வாசலில் ஒரு வண்டிக்காரர் வாணலியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனை எனக்கு எப்போதும் குமட்டும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது எனக்குப் பிடித்த வாசனை. காமாலைக்குப் பிறகு எண்ணெய்ப் பலகாரம் எதையும் நான் தொட்டதில்லை. தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது சமையலறைப் பக்கமே போகாமல் மாடியில் இருப்பேன். மனதை அடக்குவது எனக்குப் பெருமை.

ஊசி குத்தியதுகூடத் தெரியவில்லை. மூன்று மில்லி இரத்தத்தில் ஓர் ஆளுடைய உடல் வரலாறு முழுவதையும் படித்துவிடுகிறார்கள். என்ன தொற்று வந்தது, எந்த வயதில் எலும்பு முறிந்தது, எப்போது பட்டினி கிடந்தது என்பதெல்லாம் திரையில் ஓடியது. பெனிட்டா வெகுநேரம் அதையே பார்த்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னலை மூடினேன். அது சரியாகப் பொருந்தவில்லை. திறந்து மறுபடி மூடினேன். கைப்பிடித் திருகு தளர்ந்திருந்தது. நகத்தால் முறுக்கினேன்.

“மேடம், உங்களுக்குக் காமாலை வந்தது எப்போ?”

“இரண்டாயிரத்து எட்டு. பதினாறு வயது. பத்தாம் வகுப்பு முடிந்த கோடை.”

“கண்ணு மஞ்சளாச்சா?”

யோசித்தேன். நான் படுத்துக் கிடந்த அறையில் கண்ணாடி இருந்ததாக நினைவில்லை. “மஞ்சளாக இருந்தது என்று அப்பா சொன்னார்.”

“டாக்டர் கிட்டப் போனீங்களா?”

“எதற்கு? பல்லடம் பக்கத்தில் ஒருவர் பச்சிலை கொடுப்பார். அப்பா போய் வாங்கி வருவார்.”

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். “தொத்துக் காமாலை வந்தவங்க இரத்தத்துல அதோட சுவடு ஆயுசுக்கும் இருக்கும். உங்களுக்கு இல்லை. பித்தப்பையிலும் ஒரு அடைப்பும் இருந்ததா தெரியல்லை. உங்க கல்லீரல் இன்னைக்கும் இருபது வயசுப் பிள்ளை மாதிரி இருக்கு. உங்களுக்குக் காமாலை வந்ததே இல்லை, பாத்துக்கிடுங்க.”

“அப்படியென்றால் நான் எதற்குக் கிடந்தேன்?”

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். மேலும் கீழுமாக இரண்டு வரிசை. மேலே என் பெயர், கீழே நிறைமதியின் பெயர். வரிசை நெடுக எழுத்துகள், அவற்றின் தலைமேல் அங்கங்கே புள்ளிகள். நான் வாழ்நாள் முழுவதும் அலைவரைபடங்களைப் பார்த்தவள். இரண்டு வரைபடம் ஒரே இயந்திரத்திலிருந்து வந்ததா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இவை இரண்டும் அப்படி வந்தவைதான்.

“இது தேய்ந்திருக்கிறதே” என்றேன், என் வரிசையைக் காட்டி.

“வயசாக ஆகக் கொஞ்சம் தேயும். ஆனா இன்னும் இருக்கு. உங்களுக்கு மறுபடியும் வந்திருக்குமே. வேலை பாக்கும்போது?”

சித்திரை மாதங்களில் நான் விடுப்பு எடுப்பேன். பித்தம் ஏறிவிட்டது என்று எழுதிக் கொடுப்பேன். மேலதிகாரிகள் சிரிப்பார்கள், நான் முறைத்தால் நிறுத்திக்கொள்வார்கள். இதை அவளிடம் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

“இது உங்க வரலாறு” என்றாள் பெனிட்டா, குரலைத் தாழ்த்தி. “உங்க சம்மதம் இல்லாம மரபுத்தளத்துல ஏத்த முடியாது. வேண்டாம்னா இங்கேயே அழிச்சிருவேன். அப்போ பிள்ளை திங்கட்கிழமை கோத்தகிரி போகணும். ஏத்தச் சம்மதிச்சா இன்னைக்கே மருந்து தொடங்கலாம், இவ வீட்டுக்கு வந்திரலாம். வெளியில உக்காந்து யோசிச்சுட்டு வாங்க.”

வெளியே நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நிறைமதி கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தேதான் இருந்தது. அவள் காதில் எல்லாம் விழுந்திருக்கும். நான் உட்காரவில்லை. கோட்டமங்கலம் மேட்டில் காற்றாலைகள் சுற்றுவது அங்கிருந்தே தெரிந்தது. ஒன்று மட்டும் நின்றிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லையே என்று ஒரு கணம் கோபம் வந்தது.

அப்பாவுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். காமாலை என்றால் நல்ல வரன் நாலு தட்டிப்போகும். மற்றதென்றால் வரன் என்ற பேச்சே நின்றுபோகும் என்று கணக்குப் போட்டிருப்பார். தன் தங்கைக்கு அப்படி நின்றுபோனதைப் பார்த்தவர். என் கண் மஞ்சளாக இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார், என்னிடமும் சொன்னார். நான் நம்பினேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இருந்திருந்தால் முருகன் காலண்டரை அவரேதான் எடுத்து மாட்டியிருப்பார்.

“அத்தை, உங்களுக்குக் காமாலை வந்தப்ப எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள் நிறைமதி.

“வெயில் ஆகாது. சோறு இறங்காது.”

“அதில்லீங்க. உள்ளுக்குள்ள.”

“உள்ளுக்குள் என்றால்?”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “எனக்கு மேசை மேல டம்ளர்ல தண்ணி இருக்கும். தாகமாவும் இருக்கும். கைய நீட்டுனா எட்டற தூரம்தான். ஆனா அந்தக் கை எனக்குச் சேர்ந்ததில்லைங்கற மாதிரி இருக்கும். வேற யாராச்சும் வந்து அதுகிட்டச் சொல்லோணும் போல. அம்மா வந்து, ஏன் சாமி தண்ணி குடிக்கலைன்னு கேப்பாங்க. தாகமில்லைன்னு சொல்லிருவேன்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்தக் கோடையில் எனக்கு ஒரு மேசை விசிறி வைத்திருந்தார்கள். ஒருநாள் மதியம் மின்சாரம் போய்த் திரும்ப வந்தது. கூடத்தில் டி.வி. ஓடும் சத்தம் கேட்டது. விசிறியின் சுவிட்சை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். மறுபடி போட வேண்டும். தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாயங்காலம்வரை வேர்வையில் ஊறிக்கொண்டு அந்தச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்பா வந்து எட்டிப் பார்த்தார். இந்த அறைக்கு மட்டும் கரண்ட் வரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப் போனார். கரண்ட் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பிற்பாடு நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுத்தேன்.

“எனக்கு மேசை விசிறி” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்து வெளியே வைத்தாள்.

“கோத்தகிரிக்குப் போறதுக்கு எனக்குப் பயமில்லீங்க அத்தை” என்றாள் கொஞ்சம் கழித்து. “ஆனா நான் போனா அம்மாதான் பண்ணுனாங்கன்னு ஆயிருமில்ல. அம்மா ஒண்ணும் பண்ணல.”

நான் கைபேசியை எடுத்தேன்.

தளத்தில் ஏறினால் தாராபுரத்துக்காரர்கள் எப்படியும் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்துவிட்டு நம்மைக் கேட்கும் நிலை வரக்கூடாது. எங்கள் வீட்டு விஷயத்தை எங்கள் வீட்டு மூத்தவள் சொல்லித்தான் அடுத்தவர் அறிய வேண்டும். அந்த ஒழுங்கையாவது நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெண்ணின் அப்பா சென்னியப்பன் உடனே எடுத்தார்.

“சொல்லுங்கக்கா. பந்தலுக்கு ஆள் சொல்லியாச்சுங்க.”

“ஒரு விஷயம். எங்கள் வழியில் மேற்புள்ளி இருக்கிறது. எனக்கு இருக்கிறது. எங்கள் நிறைமதிக்கும் இருக்கிறது. அகிலனுக்கு இப்போது இல்லை. அவன் பிள்ளைகளுக்கு இருக்காது என்று நான் சொல்ல முடியாது. இன்று தளத்தில் ஏறுகிறது. நீங்களாகப் பார்க்கும் முன்பு நானே சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

“நீங்க சொன்னதுக்கு ரொம்ப மரியாதைங்கக்கா” என்றார். “வீட்டுல கலந்துட்டுப் பொறவு பேசறனுங்க.”

கலந்து பேசுவதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். அவர் பேசவில்லை. நிச்சயம் நடக்கவில்லை. அகிலன் இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தான். இப்போது பேசுகிறான், ஆனால் ‘நல்லா இருக்கீங்களா அத்தை’ என்பதற்கு மேல் போவதில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது.

அன்று தினேஷுக்கும் கூப்பிட்டுச் சொன்னேன். “அக்கா, ஊர்ல எப்படித் தலைநிமிர்ந்து நடக்கறது?” என்றான்.

“இவ்வளவு நாள் நான் எப்படி நடந்தேன்? இந்தப் புள்ளியோடுதானே நடந்தேன்.”

அவன் அழுகிறானோ என்று நினைத்தேன். சிரித்தான் போலவும் இருந்தது. “நித்யாகிட்டக் குடுடா” என்றேன். நித்யா வந்தாள். “உன்மேல் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்திலிருந்து வந்தது” என்றேன். அவள், “மதியம் என்னங்க அண்ணி சாப்பிட்டீங்க ரெண்டு பேரும்?” என்று கேட்டாள்.

உள்ளே போய்ச் சம்மதம் என்றேன். திரையில் என் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள் பெனிட்டா. வழியின் பெயர் கேட்டது. எங்கள் குலக் கூட்டத்தின் பெயரை நானே சொன்னேன், ஒவ்வோர் எழுத்தாக, பிழை வராமல். எப்படியும் ஏறப்போகிறது; எழுத்துப்பிழையோடு ஏற வேண்டாம்.

நிறைமதியின் முன்கையில் சிறு குழாய் பொருத்தினார்கள். மருந்து நிறமில்லாமல் இருந்தது. ஒரே நாளில் ஒன்றும் மாறாது, புள்ளிகள் ஒவ்வொன்றாகத்தான் உதிரும், நடுவில் சில நாட்கள் இன்னும் மோசமாகக்கூடத் தோன்றும், அப்போது தனியாக விடாதீர்கள் என்று பெனிட்டா சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கும் தொடங்கலாம் மேடம். இந்த வயசிலும் வேலை செய்யும்.”

“எனக்கு எதற்கு?” என்று வாய் தானாகச் சொன்னது. அவள் வற்புறுத்தவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்துவிட்டால் என்னில் எது மிச்சமிருக்கும் என்று தெரியவில்லை. இந்த முதுகு இப்படி நிமிர்ந்தே இருப்பது எதனால் என்றும் தெரியவில்லை. அடுத்த சித்திரை வரட்டும் என்று இருக்கிறேன்.

நாங்கள் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கையில் பஞ்சு ஒட்டியிருந்த நிறைமதி பஜ்ஜி வண்டிக்கு முன்னால் நின்றாள்.

“அத்தை, அந்தக்கா உங்க கல்லீரலைப் பத்தி என்னங்க சொன்னாங்க?”

“இருபது வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறதாம்.”

“அப்ப நீங்க இதெல்லாம் தின்னிருக்கலாம்.”

“தின்னிருக்கலாம்.”

“இத்தனை வருசமாவா?”

அவள் வண்டிக்காரரிடம் கையை நீட்டினாள். “அண்ணா, ரெண்டு மொளகா பஜ்ஜி. அத்தைக்குப் பெருசாப் பாத்துக் குடுங்க, மொதத் தடவை தின்றாங்க.”

“இந்த வயசுல மொதத் தடவையாங்க?” என்றார் அவர். “எந்த ஊருங்க பாட்டிக்கு?”

“பாட்டி இல்லைங்க, அத்தை” என்றாள் நிறைமதி.

செய்தித்தாள் துண்டில் வைத்துக் கொடுத்தார். தாள் உடனே எண்ணெயில் ஊறி என் விரல்களுக்கு வந்துவிட்டது. தெருவில் நின்றுகொண்டு தின்பது எங்கள் வீட்டில் பழக்கமில்லை. எதிர்க் கடையில் எனக்குத் தெரிந்த ஒருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்; தளத்தில் ஏறியது அதற்குள் அவர் கண்ணில் பட்டிருக்குமா என்று நினைத்தேன். பிறகு கடித்தேன்.

மேல்மாவு மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே மிளகாய் மெத்தென்று சூடாக இருந்தது. காரம் என்று சொல்ல முடியாது, அது பெரிய மிளகாய். பதினாறு வயதுக்கு முன்னால் சந்தையில் அம்மா வாங்கிக் கொடுத்த அதே ருசி, ஒரு மாற்றமும் இல்லாமல். இரண்டாவது கடியில் கண் நிறைந்து, துடைப்பதற்குள் கன்னத்தில் வழிந்துவிட்டது. கைகள் இரண்டிலும் எண்ணெய்.

நிறைமதி தன் துப்பட்டாவின் நுனியை நீட்டினாள்.

“காரமாங்க அத்தை?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளும் விட்டிருப்பாள். வண்டிக்காரரும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“இல்லை” என்றேன்.